துருவா, தூசியா: டைகர் 131 மாதிரியின் வெதரிங் குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

பிளாஸ்டிக் டாங்கி மாதிரிகளைக் கட்டுவோர், வெயிலும் மழையும் மண்ணும் உழைப்பும் வண்டியில் விட்ட தடங்களை வண்ணத்தால் காட்டும் வெதரிங் என்ற பணியைப் பெரும்பாலும் ஒரு செய்முறை வரிசையாகவே கற்றுக்கொள்கிறார்கள். முதலில் ஃபில்டர் (முழுப் பரப்பின் நிறச்சாயலை மாற்றும் மெல்லிய படலம்), அடுத்து வாஷ் (இடுக்குகளில் ஓடவிடும் நீர்த்த வண்ணம்), பிறகு பெயர்ந்த வண்ணம், துரு வழிசல், கடைசியில் பிக்மென்ட் தூள் என்று ஒவ்வொன்றாக முடித்தால் வண்டி போர்க்களத்திலிருந்து வந்ததாகத் தோன்றும் என்பது நம்பிக்கை. தோன்றத்தான் செய்கிறது. ஆனால் எந்த வண்டி, தொழிற்சாலையைவிட்டு வெளியேறி எத்தனை வாரங்கள் ஆகின்றன, எந்த மண்ணில் எந்தப் பருவத்தில் ஓடியது என்ற கேள்விகள் கேட்கப்படாததால், கண்காட்சி மேசைகளில் வரிசையாக நிற்கும் டாங்கிகள் அனைத்தும் ஒரே மழையில் பத்து ஆண்டுகள் நனைந்தவை போல் இருக்கின்றன. இந்த ஆய்வு ஒரே ஒரு வண்டியை எடுத்துக்கொண்டு, அதன் வரலாற்றிலிருந்து வெதரிங்கைக் கணக்கிட முடியுமா என்று பார்க்கிறது. வண்டி, இரண்டாம் உலகப் போரின் ஜெர்மன் கனரக டாங்கியான டைகர் 131. அளவு 1/35.

இந்த வண்டியைத் தேர்ந்ததற்குக் காரணம் அதன் புகழ் அன்று, அதைப் பற்றிக் கிடைக்கும் தகவல்களின் அடர்த்தி. இங்கிலாந்தின் பொவிங்டனில் உள்ள டாங்க் அருங்காட்சியகத்தில் நிற்கும் இதன் சட்ட எண் 250122. காசல் நகரின் ஹென்ஷெல் தொழிற்சாலையில் 1943-ன் தொடக்கத்தில் முடிக்கப்பட்டு, மார்ச் பிற்பகுதிக்கும் ஏப்ரல் நடுப்பகுதிக்கும் இடையில் துனிசியாவுக்கு அனுப்பப்பட்டது. 504ஆவது கனரக டாங்கிப் பிரிவின் முதல் கம்பெனி, மூன்றாம் பிளாட்டூன், முதல் வண்டி என்பதே 131 என்ற எண்ணின் பொருள். ஏப்ரல் முடிவதற்குள் அது பிரிட்டிஷ் படைகளின் கையில் சிக்கியது. ஜெபல் ஜாஃபா என்ற இடத்தில் ஏப்ரல் 21 அன்று பிடிபட்டது என்றே நெடுங்காலம் எழுதப்பட்டு வந்தது. பின்னர் வந்த ஆய்வுகள், மெஜஸ் எல் பாப் பகுதியில் பாயிண்ட் 174 என்ற குன்றில், ஏப்ரல் 24 அன்று என்று திருத்தின. இந்த மூன்று நாள் வேறுபாடு வரலாற்றாசிரியருக்கு முக்கியம். மாதிரி கட்டுபவருக்கு முக்கியமானது வேறு. வண்டி ஆப்பிரிக்க மண்ணில் இருந்த காலத்தை வாரங்களில்தான் எண்ண வேண்டும், மொத்த ஆயுளோ மூன்று மாத அளவைத் தாண்டவில்லை.

அந்த ஒரு தகவல் வேலைத்திட்டத்தின் பாதியைத் தீர்மானித்துவிடுகிறது. மூன்று மாதம் ஓடிய ஒரு வண்டியின் கவசத் தகட்டில் ஆழமான துரு இருக்காது. பக்கத் தகடுகளில் மேலிருந்து கீழாக நீண்டு இறங்கும் துருக் கோடுகள், மழை பல பருவங்கள் தொடர்ந்து பெய்து, அடிவண்ணத்தையும் தாண்டி எஃகைத் தொட்ட பிறகே உருவாகும். ஜெர்மன் டாங்கிகளின் மேல்வண்ணத்துக்கு அடியில் செம்பழுப்பு நிற அடிவண்ணம் ஒன்று இருந்தது. மேல்வண்ணம் உரசிப் பெயரும்போது கண்ணுக்குத் தெரிவது பெரும்பாலும் அந்தச் செம்பழுப்புதான். அதைத் துரு என்று எண்ணிக்கொண்டு ஆரஞ்சு நிறத்தைப் பூசுவோர் பலர். புதிய வண்டியில் துரு எங்கே வரும் என்று கேட்டால் மிகச் சில இடங்களே மிஞ்சுகின்றன: வெப்பத்தால் வண்ணம் எரிந்துபோகும் புகைபோக்கிகள், வண்ணமே பூசப்படாத சங்கிலிக் கண்ணிகள், இழுவைக் கம்பிவடங்கள், குண்டு பட்ட வடுக்கள். அவ்வளவுதான். மற்ற இடமெல்லாம் தூசிக்குரியது.

இரண்டாவது தகவல் மண். ஆப்பிரிக்கா என்றதும் மஞ்சள் மணல் என்று கை தானாக நீளும். ஜெர்மானிய ஆப்பிரிக்கப் படையைச் சித்திரிக்கும் மாதிரிகளில் பெரும்பாலானவை லிபியப் பாலைவனத்தின் வெளிறிய மணலில்தான் நிற்கின்றன. ஆனால் வடதுனிசியா பாலைவனம் அன்று. மெஜெர்தா ஆற்றுப் படுகை ரோமானியர் காலத்திலேயே தானியக் களஞ்சியமாக இருந்த நிலம். குளிர்கால மழை அங்கே கடுமையானது. 1942-43 குளிர்காலத்தில் நேச நாட்டுப் படைகளின் முன்னேற்றம் நின்றுபோனதற்கு அந்தச் சேறும் ஒரு காரணம். ஏப்ரலிலோ மழை ஓய்ந்து, குன்றுச் சரிவுகளில் கோதுமையும் காட்டுப் பூக்களும் நிறைந்திருக்கும். ஆகவே இந்த வண்டியின் மேல் படிந்திருக்க வேண்டியது களிமண் கலந்த இளம்பழுப்புத் தூசியும், அடிப்பகுதியின் மூலைகளில் காய்ந்து ஒட்டிய சேற்றுக் கட்டிகளும்தான். வண்டி நிற்கும் தளத்தில் புல் பச்சையாக இருக்க வேண்டும். பார்ப்பவர்களுக்கு இது உறுத்தலாகவே இருக்கும். உறுத்தட்டும்.

கட்டுமானம்

1/35 அளவில் டைகரை டமியா, அகாடமி, டிராகன், ரை ஃபீல்டு மாடல் என்று பல நிறுவனங்கள் வெளியிட்டிருக்கின்றன. 131-ஐக் கட்ட நினைப்பவர் பெட்டியின் மேல் உள்ள ஓவியத்தை நம்பாமல், உள்ளே இருக்கும் உதிரிகள் எந்த உற்பத்திக் கட்டத்துக்குரியவை என்று பார்க்க வேண்டும். டைகரின் உற்பத்திக் காலத்தில் மாற்றங்கள் இடைவிடாமல் புகுத்தப்பட்டன. 131-க்கு வேண்டியவை இவை: டிரம் வடிவத் தளபதிக் கூண்டு, சுழல்கோபுரத்தின் பின்புற வலப்பக்கத்தில் தப்பிக்கும் கதவு, கோபுரத்தின் இரு பக்கங்களிலும் மும்மூன்று புகைக்குண்டு எறிகுழாய்கள், ரப்பர் விளிம்பு கொண்ட சக்கரங்கள், வண்டியின் பின்புறத்தில் ஃபைஃபெல் காற்று வடிகட்டிகளும் எஞ்சின் மேல்தளத்தின் குறுக்கே ஓடும் அவற்றின் குழாய்களும். சிம்மெரிட் என்ற காந்தவெடி எதிர்ப்புப் பூச்சு இதற்குக் கூடாது. அது 1943 ஆகஸ்ட் இறுதிக்குப் பிறகே வந்தது.

உடற்பகுதியின் கட்டுமானத்தில் விரித்துச் சொல்ல அதிகமில்லை. டைகர் அடிப்படையில் ஒரு பெட்டி. 6.3 மீட்டர் நீள உடல், இந்த அளவில் சுமார் 18 சென்டிமீட்டர். தகடுகள் தட்டையானவை, இணைப்புகள் நேரானவை. மெல்லிய திரவப் பசையைத் தூரிகை நுனியால் விளிம்பில் தொட்டால் அது தானே உள்ளே இழுத்துக்கொள்ளும். கவசத்தின் மேற்பரப்பு பற்றி மட்டும் ஒரு வார்த்தை. உருட்டப்பட்ட எஃகுத் தகட்டுக்கும் வார்ப்பு எஃகுக்கும் வேறுபாடு உண்டு. டைகரின் பெரும்பகுதி உருட்டுத் தகடு. பீரங்கியைத் தாங்கும் முன்கவசம் வார்ப்பு. திரவ ப்ரைமரைக் கெட்டியாக எடுத்துத் தூரிகையால் குத்திக் குத்தி வார்ப்புச் சொரசொரப்பை உண்டாக்கும் முறை அந்த முன்கவசத்தோடு நின்றுவிட வேண்டும். முழு உடலுக்கும் அதைச் செய்பவர்கள் டைகரைப் பாறையாக்கிவிடுகிறார்கள்.

சக்கரங்களிடம் வரும்போதுதான் வேலை கனக்கிறது. டைகரின் ஒரு பக்கத்தில் எட்டு அச்சுகள், ஒவ்வோர் அச்சிலும் மூன்று சக்கரங்கள், ஆக ஒரு பக்கத்துக்கு 24 தட்டுகள் ஒன்றின் இடுக்கில் ஒன்று புகுந்து நிற்கின்றன. 57 டன் எடையைத் தரையில் பரப்பி இறக்க வடிவமைப்பாளர்கள் கண்ட வழி இது. படைவீரர்களுக்கோ இதுவே தலைவலி. உள்வரிசைச் சக்கரம் ஒன்றைக் கழற்ற வெளிவரிசைகளை எல்லாம் கழற்ற வேண்டும்; இடுக்குகளில் சேறு புகுந்து இறுகும். மாதிரியில் அதே சிக்கல் வேறு உருவில் வருகிறது. வெளிச்சக்கரங்களை ஒட்டிய பிறகு உள்வரிசைக்குத் தூரிகை எட்டாது. அதனால் பெரும்பாலான மாதிரிகளில் வெளித்தட்டுகள் அழகாகத் தூசி பூத்திருக்க, உள்ளே எட்டிப் பார்த்தால் தொழிற்சாலை வண்ணம் பளிச்சென்று தெரிகிறது. உண்மையில் நடப்பது நேரெதிரானது. வெளித்தட்டைப் புல்லும் புதரும் உரசித் துடைக்கின்றன. உள்தட்டில் படிந்த மண் அங்கேயே தங்கிவிடுகிறது.

ஆகவே இந்த வண்டிக்கு வெதரிங் என்பது கட்டுமானத்தின் நடுவிலேயே தொடங்கியது. உடலின் அடிப்பகுதியும் பக்கச் சுவரும் அச்சுத் தண்டுகளும் முதலில் வண்ணம் பெற்றன. பழுப்பு பிக்மென்ட் தூளோடு சிறிதளவு நுண்ணிய சலித்த மண்ணும் பிளாஸ்டரும் கலந்து, அக்ரிலிக் ரெசினில் குழைத்த கலவை பக்கச் சுவரின் மேல் மூலைகளிலும் அச்சுத் தண்டுகளின் பின்புறத்திலும் வைக்கப்பட்டது. அதன் பிறகு உள்வரிசைச் சக்கரங்கள், அவற்றுக்கு ஒரு படலம் தூசி, அடுத்த வரிசை, அதற்குச் சற்றுக் குறைந்த தூசி, கடைசியாக வெளித்தட்டுகள். ஒவ்வொரு வரிசையும் தனியாக வண்ணம் பெற்று, ரப்பர் விளிம்பு தனியாகத் தீட்டப்பட்டு, காய்ந்த பிறகே இடத்தில் அமர்ந்தது. ரப்பர் விளிம்புக்குக் கறுப்பு ஒருபோதும் ஆகாது. தூசி ஏறிய ரப்பர் பழுப்புச் சாயல் கொண்ட சாம்பல் நிறத்தில் இருக்கும், சங்கிலிப் பட்டையைத் தொடும் நடுப்பகுதி மட்டும் சற்றுக் கருமையாக. பொறுமையைச் சோதிக்கும் கட்டம்தான். ஆனாலும் முழுப் பணியிலும் நேரத்துக்கு ஏற்ற பலன் கிடைப்பது இங்கேதான் என்பது என் கணிப்பு.

சங்கிலிப் பட்டை 725 மில்லிமீட்டர் அகலமான போர்க்களப் பட்டை. ரயிலில் ஏற்றும்போது 520 மில்லிமீட்டர் குறுகிய பட்டையை மாட்டி வெளிச்சக்கரங்களைக் கழற்றிவிடுவார்கள். இல்லையேல் சுரங்கப் பாதையில் இடிக்கும். ஒரு பக்கத்துக்கு 96 கண்ணிகள். வினைல் பட்டையைவிடத் தனித்தனிக் கண்ணிகளை இணைத்துச் செய்யும் பட்டை இங்கே சிறந்தது, ஏனெனில் டைகரில் பட்டையின் மேல்பகுதியைத் தாங்கத் தனி உருளைகள் கிடையாது. பெரிய சக்கரங்களின் தலையிலேயே பட்டை சாய்ந்து கிடக்கும். முன்புறப் பற்சக்கரத்தைவிட்டு இறங்கியதும் அதன் எடை வளைவாகத் தெரிய வேண்டும். வினைல் பட்டை அந்த இடத்தில் விறைத்து நிற்கும். உலோகக் கண்ணிகள் தம் எடையாலேயே சரியாகச் சரிந்துவிடும், விலைதான் கிட்டின் விலையை நெருங்கிவிடுகிறது.

வண்ணம்

1941 மார்ச்சில் ஆப்பிரிக்காவுக்கென விதிக்கப்பட்டவை, ஆர்.ஏ.எல். என்ற ஜெர்மன் நிறத்தரப் பட்டியலின் 8000, 7008 என்ற இணை. 1942 மார்ச் 25 உத்தரவு அவற்றை மாற்றி 8020, 7027 என்ற இணையைக் கொண்டுவந்தது. பெயரளவில் முன்னது பழுப்பு, பின்னது சாம்பல். பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு முதல் நிறம், மீதி இரண்டாவது. 1943 பிப்ரவரி 18 அன்று அடர்மஞ்சளான 7028-ஐ அடிநிறமாக்கிய பொது உத்தரவு வந்துவிட்டாலும், அதன் தொடக்க வாரங்களில் ஆப்பிரிக்காவுக்கெனத் தயாரான வண்டிக்கு 1942-ன் இணையே பொருத்தம் என்று முடிவுசெய்தேன். ஜெர்மன் வண்ணங்கள் பற்றிய விவாதம் முடிவற்றது. அதில் இறங்கினால் வண்டி கட்டி முடியாது.

இந்த இரு நிறங்களும் ஒன்றுக்கொன்று மிக நெருக்கமானவை. இது கவனிக்கத்தக்க செய்தி. டமியாவின் எக்ஸ்.எஃப்-59 பாலைவன மஞ்சளோடு சிறிது எக்ஸ்.எஃப்-52 மண்நிறம் சேர்த்த கலவை முதல் நிறத்துக்கும், எக்ஸ்.எஃப்-57-ஐ எக்ஸ்.எஃப்-49 காக்கியால் அடக்கிய கலவை இரண்டாவதுக்கும் பயன்பட்டன. இரண்டிலும் சில துளி வெள்ளை. 1/35 அளவில் நிறத்தைச் சற்று வெளுக்கச் செய்யாவிட்டால், கைக்கெட்டும் தூரத்தில் பார்க்கும் சிறு பொருள் இருண்டு தெரியும். ஏர்பிரஷ் அடித்து முடித்து, கைப்பேசியில் கறுப்பு வெள்ளையில் ஒரு படம் எடுத்துப் பார்த்தபோது இரு நிறங்களின் எல்லை ஏறத்தாழ மறைந்துவிட்டது. 1943-ல் எடுத்த படங்களில் துனிசிய டைகர்கள் ஒற்றை நிறமாகத் தோன்றுவது, அவை ஒற்றை நிறம் பூசப்பட்டவை என்பதற்குத் தானாகவே சான்றாகாது என்பதை மேசையிலேயே சரிபார்க்க முடிந்தது. வண்ணத்துக்கான மாதிரிப் படத்தைக் கணினித் திரையில் வைத்துக்கொண்டு கலப்பதைவிட, கலந்ததைக் கறுப்பு வெள்ளையாக்கிப் பழைய படங்களோடு ஒப்பிடுவது பயனுள்ள சோதனை.

நம் கடற்கரை நகரங்களில் வேலை செய்வோருக்கு ஓர் இடைக்குறிப்பு. மழைக்கால ஈரப்பதத்தில் லாக்கர் தின்னர் கலந்த வண்ணங்கள் காயும்போது வெண்படலம் பூக்கும். தின்னர் வேகமாக ஆவியாகி மேற்பரப்பைக் குளிர்விப்பதால் காற்றின் நீர் அங்கே படிவதே காரணம். மெதுவாகக் காயும் தின்னரைப் பயன்படுத்துவதும், காற்றழுத்தக் கருவியில் நீர்ப்பிடிப்பான் பொருத்துவதும், முடிந்தால் பிற்பகல் உலர்ந்த நேரத்தைத் தேர்வதும் போதும். எண்ணெய் வண்ணங்களுக்கு வேண்டிய மினரல் டர்பென்டைன் ஹார்டுவேர் கடையில் கிடைப்பதும் வேலைக்கு ஆகும். ஆனால் சில பாட்டில்களில் எண்ணெய்ப்பசை மிஞ்சும் என்பதால், வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டுக் கறை தங்குகிறதா என்று பார்த்துவிட்டுப் பயன்படுத்துவது நல்லது.

கோபுரத்தின் பக்கங்களில் வெள்ளை விளிம்பிட்ட சிவப்பு எண் 131, உடலின் பக்கத்தில் ஜெர்மன் சிலுவை. பளபளப்பு வார்னிஷ், டெக்கால் (நீரில் நனைத்து ஒட்டும் சின்னப் படலம்), அதை மென்மையாக்கும் திரவம், மீண்டும் மங்கல் வார்னிஷ். இது எல்லோரும் அறிந்த வரிசை.

வெதரிங்

முதல் முடிவு, எதைச் செய்யக் கூடாது என்பது. தகடுகளின் மேல்விளிம்பை வெளுத்து கீழ்விளிம்பை இருட்டாக்கும் பாணி சில ஆண்டுகளாகப் பரவலாக உள்ளது. படத்தில் அழகாக இருக்கும். நேரில் ஒவ்வொரு தகடும் தனித்தனி விளக்கின் கீழ் நிற்பது போலாகிவிடும். ஏற்கெனவே நெருக்கமான இரு நிறங்களின் மேல் அதைச் செய்தால் உருமறைப்பு வண்ணமே காணாமல் போகும். எனவே அது தவிர்க்கப்பட்டது. ஹேர்ஸ்பிரே பூசி மேல்வண்ணத்தைத் தண்ணீரால் உரித்தெடுக்கும் முறையும் அப்படியே. அது குளிர்கால வெள்ளைப்பூச்சு தேய்ந்த வண்டிக்கு மிகப் பொருத்தமான முறை. மூன்று மாத வண்டிக்குத் தேவையற்றது.

பெயர்ந்த வண்ணத்தின் அளவைப் பற்றி ஒரு சிறு கணக்கு. மாதிரியில் ஒரு மில்லிமீட்டர் அகலத்துக்கு வண்ணம் பெயர்ந்திருப்பதாகத் தீட்டினால், உண்மை வண்டியில் அது 35 மில்லிமீட்டர், அதாவது மூன்றரைச் சென்டிமீட்டர் அகலக் காயம். கவசத்தில் அத்தகைய காயம் ஏற்பட ஏதோ ஒன்று பலமாக மோதியிருக்க வேண்டும். பூட்ஸ் காலின் ஆணி உரசியதற்கும், கருவிப்பெட்டி தட்டியதற்கும் உரிய அளவு மாதிரியில் 0.2 மில்லிமீட்டர், அது தூரிகையின் நுனிமயிர் ஒன்று தொடும் தொடுகை. பஞ்சுத் துண்டால் ஒற்றி எடுக்கும் பிரபலமான முறை இந்த அளவுக்குக் கட்டுப்படுவதில்லை. ஆகவே செம்பழுப்பு அடிவண்ண நிறத்தை மெல்லிய தூரிகையால், ஓட்டுநர், வானொலி இயக்குநர் ஆகியோரின் கதவு விளிம்புகளிலும், தளபதிக் கூண்டின் உதட்டிலும், படைவீரர்கள் காலை வைத்து ஏறும் முன்தகட்டின் மூலையிலும், கருவிகளைப் பிடித்திருக்கும் கொக்கிகளின் அருகிலும் மட்டும் தொட்டேன். பக்கத் தகடுகளின் பரந்த நடுப்பகுதியில் ஒரு புள்ளியும் இல்லை. அங்கே யாரும் ஏறுவதில்லை, எதுவும் உரசுவதில்லை.

வாஷுக்கு எரித்த அம்பர் எண்ணெய் வண்ணம், பற்றவைப்புக் கோடுகளையும் ஆணித்தலைகளையும் மட்டும் சுற்றி. கறுப்பு வாஷ் இந்த மணல்நிறத்தின் மேல் வரைபடக் கோடு போலாகிவிடும்.

அடுத்தது தூசி. இங்கேதான் அதிக நேரம் செலவானது. தூசி வண்டியின் மேல் ஒரே சீராகப் படிவதில்லை; பட்டைகள் சுழலும் திசை அதை எங்கே எறிகிறது, ஆட்கள் எங்கே துடைக்கிறார்கள், எண்ணெய் எங்கே அதைப் பிடித்து வைக்கிறது என்ற மூன்றும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. டைகரின் பட்டை பின்புறத்தில் மேலேறி, சக்கரங்களின் தலைமேல் முன்னோக்கி ஓடி, முன்புறப் பற்சக்கரத்தைச் சுற்றிக் கீழே இறங்குகிறது. பின்புற மேலேற்றத்தில் ஒட்டிவரும் மண் பின்தகட்டின் மேலும் பட்டைமூடிகளின் மேலும் எறியப்படுகிறது. ஆகவே மிகக் கனமான படிவு பின்தகட்டில், புகைபோக்கிகளின் கவசத் தகட்டைச் சுற்றி, ஃபைஃபெல் வடிகட்டிகளின் உடலில் இருக்க வேண்டும். அந்த வடிகட்டிகள் அங்கே இருப்பதன் காரணமே எஞ்சினுக்குள் இந்தத் தூசி போகாமல் தடுப்பதுதான். பல மாதிரிகளில் அவற்றின் குழாய்கள் துடைத்து வைத்தவை போல் சுத்தமாக இருப்பது வேடிக்கை.

தூசி மூன்று படிகளில் ஏற்றப்பட்டது. முதல் படியில் மிக மெலிந்த இளம்பழுப்பு அக்ரிலிக்கை ஏர்பிரஷால், கீழிருந்து மேல்நோக்கி, சக்கர மட்டத்தில் அடர்ந்தும் பக்கத் தகட்டின் பாதியில் கரைந்தும் போகுமாறு அடித்தேன். இரண்டாவது படியில் பழுப்பும் வெளிர்மஞ்சளும் கலந்த பிக்மென்ட் தூளை உலர்நிலையில் கிடைத்தளங்களில் வைத்து, டர்பென்டைனைத் தூரிகையால் தொட்டு மூலைகளுக்குள் ஓடவிட்டு, காய்ந்ததும் ஆட்கள் நடக்கும் பாதையில் மட்டும் விரலால் துடைத்து எடுத்தேன். கோபுரத்தின் கூரை, கதவுகளைச் சுற்றிய பகுதி, எஞ்சின் தளத்தின் நடுப்பகுதி ஆகியவை ஐந்து பேர் நாள்தோறும் ஏறி இறங்கும் இடங்கள். அங்கே தூசி மூலைக்குத் தள்ளப்பட்டு நடுப்பகுதி மங்கலாக மினுங்கும். மூன்றாவது படி எண்ணெயும் பெட்ரோலும். எஞ்சின் தளத்திலுள்ள எரிபொருள் மூடிகளின் அருகே பெட்ரோல் சிந்தும். மேபாக் எஞ்சின் குடிக்கும் அளவுக்கு, 540 லிட்டர் தொட்டியை அடிக்கடி கேன்களிலிருந்து நிரப்ப வேண்டியிருந்தது. ஆனால் பெட்ரோல் ஆவியாகிவிடும். அது விட்டுச்செல்வது தூசியைக் கழுவி எடுத்த ஒரு மங்கலான வட்டம்தான். பளபளக்கும் கருங்கறை எண்ணெய்க்குரியது, அது சக்கர மையமூடிகளில் ஓரிரண்டில் மட்டும் வந்தது. இரண்டையும் ஒரே பாட்டிலிலிருந்து ஒரே போல் தெளிப்பது வழக்கமாகிவிட்டதால் இதைத் தனியே சொல்ல வேண்டியிருக்கிறது.

துரு அனுமதிக்கப்பட்ட இடங்களுக்கு வருவோம். புகைபோக்கியின் மேல் வண்ணம் சில நாள் ஓட்டத்திலேயே எரிந்துவிடும். அதனால் அங்கே தயக்கமின்றி அடர்பழுப்பு, அதன் மேல் பொட்டுப்பொட்டாக ஆரஞ்சு கலந்த பழுப்பு, வாயருகே சாம்பல் கலந்த கறுப்பு. அதைச் சுற்றி நிற்கும் மெல்லிய தகட்டுக் கவசமோ வண்ணம் தீட்டியது. வெப்பம் நேராகப் படும் உட்புறம் மட்டும் நிறம் மாறியது. சங்கிலிக் கண்ணிகள் உலோகப் பழுப்பு அடிநிறம் பெற்று, முழுவதும் இளம்பழுப்பு மண்ணில் முழுக்கப்பட்டு, பிறகு தரையைத் தொடும் முகடுகளிலும் சக்கரங்களின் ஊடே ஓடும் வழிகாட்டிக் கொம்புகளின் உட்பக்கத்திலும் பென்சில் கரித்தூளால் தேய்க்கப்பட்டன. ஓடும் பட்டையில் துரு தங்க இடமில்லை. நாள்தோறும் மண் அதைத் தீட்டி எடுக்கிறது. அந்தக் கொம்புகள் உரசும் சக்கர விளிம்பிலும், முன்புறப் பற்சக்கரத்தின் பற்களிலும் அதே எஃகு மினுக்கு.

வடுக்கள்

இந்த வண்டியை மற்ற டைகர்களிலிருந்து பிரிப்பவை அதன் காயங்கள். நெடுங்காலமாகச் சொல்லப்படும் விவரத்தின்படி, 48ஆவது ராயல் டாங்க் ரெஜிமென்ட்டின் சர்ச்சில் டாங்கிகள் சுட்ட குண்டுகளில் ஒன்று பீரங்கிக் குழலின் அடியில் பட்டுத் தெறித்துக் கோபுர வளையத்தில் புகுந்து அதைச் சுழலவிடாமல் இறுக்கியது. இன்னொன்று கோபுரத்தைத் தூக்கப் பயன்படும் முளையில் பட்டது. மூன்றாவது, குண்டு நிரப்புபவரின் கதவில் பட்டுச் சிதறலை உள்ளே அனுப்பியது. காயமுற்றவர்களையும் அழைத்துக்கொண்டு குழுவினர் வெளியேறினர். வண்டி எரியவில்லை. ஓடும் நிலையிலேயே பிடிபட்டது என்பதுதான் அதன் பிற்கால வாழ்வுக்கெல்லாம் காரணம்.

சர்ச்சில்களின் 6 பவுண்டர் பீரங்கி 57 மில்லிமீட்டர் விட்டமுடையது. மாதிரியில் அது சுமார் 1.6 மில்லிமீட்டர். எனவே வட்ட அரத்தால் குழலின் அடியில் சாய்வாக ஒரு பள்ளம், அந்த அகலத்தைத் தாண்டாமல். கோபுரத்தின் கீழ்விளிம்பில் ஒரு சிதைவு. வலப்பக்கக் கதவின் மேல் ஒரு கீறல். பள்ளத்தின் விளிம்புகளைக் கூரான கத்தியால் சற்று மேலெழுப்பினால் எஃகு பிதுங்கியது தெரியும். நிறம் எது என்பதற்கு எத்தனை மணிநேரம் கழிந்தது என்று கேட்க வேண்டும். குண்டு பட்ட உடனே வெண்ணிற எஃகு. ஓர் இரவின் பனி பட்ட பிறகு அதன் மேல் ஒளிமிக்க ஆரஞ்சுப் படலம். அடர்பழுப்புத் துரு வரப் பல வாரங்கள். இந்த மாதிரி பிடிபட்ட மறுநாளைக் காட்டுவதால், பள்ளத்தின் நடுவில் வெள்ளி நிறம், விளிம்பில் மிக மெல்லிய ஆரஞ்சு, சுற்றிலும் வெப்பத்தால் உதிர்ந்த வண்ணத்தின் அடியில் செம்பழுப்பு. முழு வண்டியிலும் கண்ணைப் பறிக்கும் துரு இந்த இரண்டு மூன்று இடங்களில் மட்டுமே இருப்பதால் பார்வை நேராக அங்கே போகிறது. துருவை வேறெங்கும் சிதறவிடாமல் வைத்திருந்ததன் பலன் இது என்று கருதுகிறேன்.

மதிப்பீடு என்ற முறையில் எழக்கூடிய முக்கிய எதிர்வாதத்தைப் பதிவுசெய்ய வேண்டும். இவ்வளவு அடக்கமான வெதரிங் மேசைத் தூரத்தில் எடுபடாது, மாதிரி என்பது ஒரு கலைப்பொருள், மேடை நடிகரின் முகப்பூச்சு போல் அதற்கும் மிகை வேண்டும் என்று சொல்வார்கள். அதில் பாதி உண்மை இருக்கிறது. பக்கத் தகடுகள் வெறுமையாகத் தெரியும் அபாயம் உண்டு. அதைத் தூசியின் நிறவேறுபாட்டால்தான் ஈடுசெய்ய வேண்டியிருந்தது, அதற்காகவே மூன்று வெவ்வேறு பழுப்புகள். ஆனால் மிகையைத் துருவில் காட்டினால் வண்டியின் வயது மாறிவிடுகிறது. தூசியில் காட்டினால் அது ஓடிய தூரம் மட்டுமே கூடுகிறது. பொய் சொல்லித்தான் ஆக வேண்டும் என்றால் இரண்டாவது சிறிய பொய்.

இதே கிட்டை இதே வண்டியின் வேறொரு நாளுக்குக் கட்ட விரும்புவோருக்குக் கணக்கு மாறும். பிடிபட்டபின் பிரிட்டிஷார் அதைப் பழுதுபார்த்து, தங்கள் முதலாம் படையின் சின்னத்தையும் 21ஆவது டாங்க் பிரிகேடின் சின்னத்தையும் அதன் மேல் தீட்டினர். டூனிஸில் மன்னர் ஆறாம் ஜார்ஜும் சர்ச்சிலும் பார்வையிட்ட 1943 ஜூன் மாத வண்டிக்கு அவை வேண்டும், வடுக்கள் பழுப்பேறியிருக்க வேண்டும், தூசி வெகுவாகக் குறைய வேண்டும். அக்டோபரில் இங்கிலாந்துக்குக் கப்பலேறி, அங்கே சோதனைகளுக்கு உட்பட்டு, 1951 செப்டம்பரில் அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்த வண்டிக்குத்தான் நாம் வழக்கமாகப் பூசும் துரு வழிசலெல்லாம் ஓரளவு பொருந்தும். 2003-ல் மீண்டும் ஓடத் தொடங்கி, பிறகு மறுவண்ணமும் பெற்று அரங்கில் வலம்வரும் இன்றைய 131-ஐக் கட்டுபவருக்கோ புகைபோக்கியின் கருமையும் பட்டையில் ஒட்டிய பொவிங்டன் மண்ணுமே போதுமானவை.